மேட்டூரில் எப்போதும் கண்ணில் படாத ஒரு கோபுரம்!

மேட்டூர் என்றதும் நினைவுக்கு வருவது அணை, பூங்கா, சுடச்சுட வறுத்த மீன். ஒருநாள் சுற்றுலாவுக்கு இதுவே போதும். ஆனால், இங்கே இன்னொரு இடமும் உண்டு. அது எல்லா நாளும் கண்ணில் படாது.

முதலில் அணையைப் பார்த்துவிடுவோம். 1925-ல் தொடங்கிய கட்டுமானம் 1934-ல் முடிந்தது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வெள்ளக் காலத்தில் உபரிநீர் சீறிப் பாய்வது 16 கண் மதகு வழியாக. பொறியாளர் எல்லிஸின் பெயர் இன்றும் அந்தப் பகுதியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணையடியில் பூங்கா. பக்கத்திலேயே அணைக்கட்டு முனியப்பன் கோயில். ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் தலைமுழுகிவிட்டு, முனியப்பனைக் கும்பிட வரும் குடும்பங்களால் ஊரே நிரம்பி வழியும்.

இனி, கொளத்தூர் வழியாகப் பண்ணவாடி பரிசல்துறைக்குப் போகலாம். அணை கட்டியபோது இந்தப் பக்கத்துக் கிராமங்கள் நீருக்குள் போயின. வீடு, வயலை விட்டு மக்கள் மேட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயிலும் இரட்டைக் கோபுரத் தேவாலயமும் அங்கேயே நின்றுவிட்டன.

நீர்மட்டம் வெகுவாகச் சரியும்போது, முதலில் தேவாலயக் கோபுரம் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் நந்தி சிலை தெரியும். உடனே செல்போனும் கையுமாகக் கூட்டம் கிளம்பிவிடும்.

இத்தாலியின் வடக்கே ரேசியா ஏரியிலும் இப்படி ஒரு மணிக்கோபுரம் உண்டு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1950-ல் அணை நீரில் ஊர் மூழ்கியும், கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. அதைப் பார்க்க எந்தப் பயணியும் வறட்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பண்ணவாடியில் கதை வேறு. இங்கே கோபுரம் தெரிகிறது என்றால், டெல்டா விவசாயிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று பொருள். குறுவைக்கு ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கம். 2024-ல் தண்ணீர் இல்லாததால் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. பிறகு கர்நாடகத்தில் மழை கொட்டியது. ஜூலை இறுதிக்குள் அணை 120 அடியைத் தொட்டது. நந்தியும் கோபுரமும் மறுபடி நீருக்குள் போயின.

எனவே, மேட்டூருக்குக் கிளம்பும் முன் அன்றைய நீர்மட்டத்தைச் செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால், தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ஊரின் மிச்சத்தைப் பார்க்கலாம். சேற்றில் கால் புதையும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சுவரில் பெயர் கிறுக்க வேண்டாம். அங்கிருந்து பிழைத்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள்.

அணை நிரம்பியிருந்தால்? கோபுரம் தெரியாது. கடல்போல விரிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, நாலு மீன் வறுவலோடு திரும்புங்கள். தஞ்சாவூரில் யாரோ நாற்றங்காலுக்கு உழவு ஓட்டத் தொடங்கியிருப்பார்கள்.