ஏலத்தில் எடுத்தவர்கள்

ஏலம் என்னும் சொல்லுக்கு நம் இரத்தோட்டையில் இரு பொருள் உண்டு. ஒன்று, நக்கிள்ஸ் மலைச்சாரலில் விளைந்து மாத்தளைக் கடைத்தெருவில் மணக்கின்ற ஏலம். மற்றொன்று, இந்தியாவின் ஐ.பி.எல். கிரிக்கெட் அணிகள் ஆட்டக்காரர்களை விலை கூறி எடுக்கின்ற ஏலம். முன்னதைப் பற்றிய பேச்சு அறுவடைக் காலத்தோடு அடங்கிவிடும். பின்னதைப் பற்றிய பேச்சுக்கோ பருவம் என்பதே கிடையாது. தேநீர்க் கடையிலும் பஸ் தரிப்பிடத்திலும் அது ஆண்டு முழுவதும் காய்க்கின்றது.

நம்மவர் பலருக்குச் சென்னை அணியின்மீது தனிப் பற்று உண்டு. 2008ஆம் ஆண்டு நடைபெற்ற முதல் ஏலத்திலேயே, கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரனை ஆறு இலட்சம் டொலருக்கு எடுத்த அணி அது. பற்றுள்ள இடத்தில்தானே குறை கூறும் உரிமையும் பிறக்கின்றது! ஆகவே, "சென்னை எடுத்தவற்றுள் ஆகவும் மோசமான தெரிவு எது?" என்ற வினா எழுந்துவிட்டால், கோப்பையிலுள்ள தேநீர் ஆறிப்போவதையும் எவரும் கவனிப்பதில்லை.

மூத்தோர் 2009ஆம் ஆண்டை எடுத்துக்காட்டுவர். இங்கிலாந்தின் பிளின்டொவ் பதினைந்தரை இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டு, மூன்றே போட்டிகளில் ஆடி, முழங்கால் நோவுடன் நாடு திரும்பினார். "அண்ணே, அவராவது மூன்று போட்டி ஆடினார், 2021இல் கிருஷ்ணப்பா கௌதமை ஒன்பதேகால் கோடி ரூபாய்க்கு எடுத்து ஒரு போட்டியிலும் இறக்கவில்லையே!" என்பர் இளையோர். மாணவர்களோ பென் ஸ்டோக்ஸைக் கூறுவர். 2023ஆம் ஆண்டுப் பருவத்துக்காக அவருக்கு அளித்த விலை பதினாறேகால் கோடி. அவர் ஆடியவை இரண்டு போட்டிகள். பெற்றவை பதினைந்து ஓட்டங்கள். ஓர் ஓட்டம் ஒரு கோடிக்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டுவதில் அவர்களுக்குப் பெருமகிழ்ச்சி. 2020இல் எட்டுப் போட்டிகளில் அறுபத்திரண்டு ஓட்டங்களே பெற்ற கேதார் ஜாதவை மறக்கலாகாது என்பாரும் உளர்.

இவ்வாதங்களைக் கேட்டுக்கொண்டிருக்கையில் நமக்கு ஒரு விந்தை தோன்றுவதுண்டு. ஜாதவ் முதற் போட்டியிலேயே தொடைத் தசை பிடித்து விலகிய 2018இல் கிண்ணம் வென்றது சென்னை. கௌதம் வெளியே அமர்ந்திருந்த 2021இலும், ஸ்டோக்ஸ் பெரும்பாலும் ஓய்ந்திருந்த 2023இலும் அதே சென்னைதான் வென்றது. தெரிவு தவறியதும் அணி சரியும் என்ற விதி இங்கு செல்லவில்லை. எனினும் பதினான்கு கோடிக்கு எடுத்த தீபக் சாஹர் காயத்தால் ஆட முடியாதிருந்த 2022இல், பத்து அணிகளுள் ஒன்பதாம் இடமே கிட்டியது. காயம் எவரைக் கேட்டு வருகின்றது?

ஆராய்ந்தால், ஏலத்தில் ஒருவரது விலை அவரது ஆற்றலால் மட்டும் ஏறுவதன்று. இரு அணிகள் ஒருவரையே விரும்பிப் போட்டியிட்டால், கௌதமின் இருபது இலட்சம் ஒன்பதேகால் கோடியாகிவிடும். இருபது இலட்சத்திலேயே அவர் எடுக்கப்பட்டிருப்பின், அவரை மோசமான தெரிவென்று எவர் தூற்றியிருப்பர்? ஆளும் அவரே, ஆட்டமும் அதுவே. மாறியது விலை மட்டுமே. அவ்விலையைக் கூறியவரும் அவரல்லர். மறுபுறம், 2022இல் காயமுற்ற ஒருவருக்கு மாற்றாக வெறும் இருபது இலட்சத்துக்கு அழைக்கப்பட்ட நம் கண்டி இளைஞர் மதீஷ பத்திரன, அடுத்த ஆண்டே பத்தொன்பது விக்கெட்டுகளைச் சாய்த்துக் கிண்ணத்துக்குத் துணைநின்றார்.

விலையைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கத்தைக் காணும்போது, மலையகத்தார்க்குப் பழைய நினைவொன்று எழுதல் இயல்பு. நம் முன்னோரும் ஒருகாலத்தில் விலை எழுதப்பட்டவர்களே. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல வேண்டுமாயின், தொழிலாளியின் கடன்தொகை எழுதிய 'துண்டு' கைமாறும். புதிய துரை அக்கடனைத் தீர்த்தே ஆளைப் பெறுவார். 1921ஆம் ஆண்டில்தான் அம்முறை ஒழிந்தது. முரளிதரனின் பாட்டனாரும் அக்காலத்தையொட்டித் தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தில் உழைக்க வந்தவரே. பேரனின் விலையைப் பேரனே பெற்றுக்கொண்டான். பாட்டன் காலத்தவர்க்கோ விலை கடனாகவே நின்றது. இரண்டும் ஒன்றென்று நாம் கூறவரவில்லை. ஆயினும், தாளில் எழுதிய தொகை ஒருவனது தகுதியைச் சொல்லாது என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

இல்லங்களிலும் இத்தகைய ஏலம் நடைபெறுவதுண்டு. பரீட்சையில் தவறிய பிள்ளையை நோக்கி, "உனக்காக எவ்வளவு செலவழித்தோம்!" என்று பிரத்தியேக வகுப்புக் கட்டணத்தைக் கூட்டிச் சொல்லும் பெற்றோர் எத்தனை பேர்! செலவு பெற்றோர் விரும்பிச் செய்தது. பிள்ளை கூறிய விலையன்று. அடுத்த பருவம் அப்பிள்ளைக்கும் உண்டு.

ஆதலால், வாதம் நடக்கட்டும், தேநீரும் ஆறட்டும். தெரிவு செய்தவரின் அறிவைக் குறை கூறுவதில் தவறில்லை. தெரிவு செய்யப்பட்டவரை மட்டும் அவர் கேளாத விலையால் அடிக்காதிருப்போமாக.