இடுப்புக்குள் ஓர் உலோகத் தகடு



கரடியூரிலிருந்து ஏற்காட்டுக்கு மக்தப் நடத்தச் செல்லும் வழியில், மழை இழுத்து வந்த சரளைக் கற்களில் நமது இருசக்கர வாகனம் சறுக்கியது. இடுப்பெலும்பு வளையம் முன்னும் பின்னும் முறிந்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் படுத்தபடியே கடந்து சேலம் சென்றோம். முன்புறம் தகடும் பின்புறம் திருகாணிகளும் பொருத்தினர். சில மாதங்களில் ஊன்றி நடந்தோம், அல்ஹம்துலில்லாஹ்.

ஓராண்டு கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், முன்புறத் திருகாணி ஒன்று உடைந்திருந்தது. "உடனே எடுத்துவிடுங்கள் ஹஜ்ரத்" என்றார் ஒருவர். "ஸுஜூது செய்ததால்தான் உடைந்தது" என்றார் மற்றொருவர். அந்தச் சொல் நம்மை வாட்டியது. நெற்றியைத் தரையில் வைக்கவே அஞ்சி, ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலியிட்டுத் தொழுதோம். நம்மிடம் தொழுகை பயிலும் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூசவும் செய்தோம்.

அறியாததை அறிந்தோரிடம் கேட்கச் சொல்கிறது குர்ஆன். மருத்துவரிடம் கேட்டோம்.

"இடுப்பின் முன்புறம் இரு எலும்புகளையும் குருத்தெலும்பு இணைக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அது சிறிது அசையும். திரும்பத் திரும்ப வளைக்கும் கம்பி ஒருநாள் முறிவதுபோல, அங்குள்ள தகடோ திருகாணியோ தளர்வதும் உடைவதும் பலருக்கும் நேர்வதே. உங்களுக்கு எலும்பு கூடிவிட்டது. உலோகத்தின் வேலையும் முடிந்தது. வலியில்லாதபோது எடுக்கத் தேவையில்லை. சிறுநீர்ப்பை அருகிலேயே இருப்பதால், எடுக்கும் அறுவையிலும் ஆபத்துண்டு" என்றார். வலி கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் சீழ் கசிந்தாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார். ஸுஜூதுக்குத் தடையில்லை என்றும் உறுதியளித்தார்.

மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். ஆயினும் இரு பிழைகள் செய்தோம். மார்க்கம் தந்த சலுகைக்கு வெட்கப்பட்டது ஒன்று. ஊர்ப்பேச்சை நம்பி அச்சலுகையை எடுத்துக்கொண்டது மற்றொன்று. நோய் கூடுமென்று நம்பகமான மருத்துவர் சொன்னால் நாற்காலியில் கூச்சமில்லை. ஊர்ப்பேச்சு அதற்கு ஆதாரமாகாது. இதைப் பிள்ளைகளிடமும் ஒளிக்காமல் சொன்னோம்.

மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் நாள்தோறும் தர்மம் செய்யவேண்டும் என்றும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மமே என்றும் நபிமொழி உண்டு. மறுநாள், நாம் விழுந்த வளைவில் சரளையை ஒதுக்கிவிட்டு மக்தபுக்குச் சென்றோம். அன்றைய லுஹரில் நெற்றி தரையைத் தொட்டது.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.