பழவேற்காட்டுக்கு ஒரு தனி யாத்திரை

சென்னைவாசிகளுக்கு உல்லாசப் பிரயாணம் என்றால் அது தெற்கேதான். விடுமுறை நாளில் மகாபலிபுரத்துக்கு நெரிசலில் இடிபட்டுச் செல்பவர்களில், வடக்கே 60 கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரு பேரேரியும் 400 வருஷத்துச் சரித்திரமும் கிடக்கின்றன என்பதை அறிந்தவர் சொற்பமே.

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை தன்னந்தனியாக ஸ்கூட்டரில் சென்றேன். வழி சுமார் 30 கிலோமீட்டர். தனியாகப் போவதில் ஓர் அனுகூலம் உண்டு. நினைத்த இடத்தில் நிற்கலாம், "எப்பொழுது கிளம்புவது?" என்று கேட்பாரில்லை.

மீஞ்சூருக்கு வட காஞ்சி என்று ஒரு பெயர். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் அங்கே கோயில் கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஊரின் உண்மையான கதை பூமிக்கு அடியில் இருக்கிறது. 1960-களிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் பட்டணத்துக்கும் இவ்வட்டாரத்து நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தார்கள். நல்ல நீர் போன இடத்தைக் கடல் சும்மா விடுமா? மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து வந்து, கரையிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் வரை கிணறுகளை உப்பாக்கிவிட்டது. பிறகு, அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை 2010-இல் திறந்தார்கள். நல்ல நீரை இறைத்து உப்பு நீரை வரவழைத்தோம். பின்பு பணம் செலவிட்டு உப்பு நீரை நல்ல நீராக்கினோம். மனிதனுடைய புத்தி விசித்திரமானதுதான்!

பொன்னேரியில் ஆரணியாற்றைத் தாண்டியதும் பூமியின் நிறம் மாறுகிறது. நெல் வயல்கள் குறைந்து பனைமரங்கள் தோன்றுகின்றன; பிறகு சீமைக் கருவேல்; அப்புறம் அதுவும் மெலிந்து, உப்புப் பூத்து வெடித்த களிமண் வெளி. எதிரே நிற்க மேடு ஒன்றும் இல்லாததால் ஆகாயம் தரையைத் தொடும்படி இறங்கி வருகிறது. பாழ் நிலம் என்று முதலில் தோன்றும். ஆனால் தூரத்தில் ஆழமற்ற நீரில் நின்ற வெண்மைக் கூட்டம் ஒன்று திடீரென்று சிறகு விரித்தபோது, அதன் அடியில் ரோஜா நிறம் பளிச்சிட்டது. அவை பூநாரைகள். தலையைக் கவிழ்த்து, அலகையே சல்லடையாக்கிச் சேற்று நீரை வடிகட்டி உண்ணும் பறவைகள் அவை. நமக்குப் பாழாகத் தோன்றும் இடம் அவற்றுக்கு அன்னசத்திரம்.

இந்தியாவின் உப்பங்கழிகளில் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இந்த ஏரிதான். இதன் பெரும் பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென் கோடியில், கடலும் ஏரியும் கைகோக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருப்பது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1609-இல் இங்கே வந்திறங்கி, 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில் சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வியாபாரத்துக்கு இதுவே தலைநகர். நம் நெசவாளர் நெய்த துணி இங்கிருந்து கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்று மிளகும் கிராம்புமாக மாறியது. 'பாளையக்காட்' கைலி இந்த ஊரின் பெயரைத்தான் இன்றும் சுமக்கிறது. துணி மட்டுமா போயிற்று? பஞ்ச காலங்களில் ஏழை ஜனங்களை அடிமைகளாக வாங்கி, பதேவியாவுக்குக் கப்பலேற்றியதும் இதே துறைதான்.

அந்தக் கோட்டை 1825-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அது முட்புதர் மண்டிய ஒரு மேடு. டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருபவனுக்கு நிலையாமையைப் போதிக்க வேறு உபாத்தியாயர் தேவையில்லை! ஆதிநாராயணப் பெருமாள் கோயிலிலோ, உள்ளங்கை அகலத்துக்குள் இராமாயணக் காட்சிகளைச் சிற்பி அடக்கியிருக்கிறான். வியாபாரி தன் பெயரைப் பெரிதாக வெட்டிவைத்துப் போனான். சிற்பி பெயரையே சொல்லவில்லை.

ஆயினும், இவ்வூரின் மிகப் பெரிய கட்டடம் கண்ணுக்குத் தெரியாதது. அதன் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், நடூர்மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்கள் முகத்துவாரத்தை அடுத்த நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்று நல்ல நீர் கிடைத்தவனுக்கு நாளை வேறு இடம். சர்க்கார் எழுதிய சட்டம் அல்ல. பரம்பரையாக ஊரார் காக்கும் முறை. குறை இல்லாமலும் இல்லை. பாட்டு உரிமை இல்லாத மற்றக் குப்பத்தாரும் சமூகத்தாரும் "எங்களுக்குப் பங்கு எங்கே?" என்று கேட்டுப் பூசல்கள் நடந்திருக்கின்றன. கேள்வி நியாயமானதே. அருகிலேயே, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பொறுக்கும் இருளர் குடும்பங்களைப் பார்க்கும்போது அக்கேள்வி இன்னும் உரக்கக் கேட்கிறது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "பெரியவரே, சீட்டில் நல்ல இடம் விழுந்தால் கவலை இல்லை அல்லவா?" என்றேன்.

அவர் சிரித்தார். "சீட்டு எடுக்கிறதுதான் எங்க கையிலே இருக்கு, சார். தண்ணி வர்றது முகத்துவாரத்தோட இஷ்டம்."

அதுதான் விஷயம். இறால் கடலில் பிறந்து, குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்பும் ஜீவன். மணல் மூடி முகத்துவாரம் அடைபட்டால், எவ்வளவு நேர்மையாகச் சீட்டுப் போட்டாலும் பங்கிட ஒன்றும் இராது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் யோசனையை மீனவர்கள் எதிர்ப்பதற்கும் இந்த அச்சமே காரணம். ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள மெல்லிய மணல் திட்டை அலை அரித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

ஏரியின் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. அங்கே இருந்த குடும்பங்களை வேறிடத்துக்கு அனுப்பி, 1971-இல் முதல் ராக்கெட்டைச் செலுத்தினோம். அது தேசத்துக்குப் பெருமைதான். சந்திரனுக்கு வழி கண்ட தேசத்துக்கு, ஒரு முகத்துவாரத்தைத் திறந்து வைக்க வழி தெரியாதா?

மார்கழி முதல் மாசி வரை ஏதேனும் ஒரு விடுமுறை நாளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். பொன்னேரியிலிருந்து பஸ் உண்டு. அவ்வூர்ப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். கோட்டை மேட்டைக் காட்டிய பிறகு, பாட்டு முறையையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். பீரங்கி வைத்துக் காத்தது 200 வருஷத்துக்குச் சற்று மேலே நின்றது. பங்கிட்டு வாழும் ஏற்பாடு இன்றும் நிற்கிறது. அதை இன்னும் சில குடும்பங்களுக்கு விரிப்பதும், அதற்கு வேண்டிய நீரைக் காப்பதும் நம் காலத்தின் வேலை.