பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று குடும்பத்தில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் கல்யாண வீட்டில்கூடத் தப்ப முடியாது. "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, வேற ஓ.எஸ். போட்டுக் குடுப்பா" என்று பந்தியிலேயே ஒரு மாமா பிடித்துக்கொள்வார். அவர்கள் கணக்கில் எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்: பார்மட்.

நான் முதலில் மூடியைத்தான் திறப்பேன். ரேமைக் கழற்றி, அடிவிளிம்பில் மின்னும் பொன்னிறப் பட்டைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் மெல்லத் தேய்த்து, 'க்ளிக்' என்று உட்காரும்வரை திரும்பச் செருகினால், தினமும் வந்துகொண்டிருந்த நீலத்திரை பல சமயம் அதோடு நின்றுபோகும். அதுவரை திட்டு வாங்கியது என்னவோ விண்டோஸ்தான்.

அதற்காக ஓ.எஸ். பரிசுத்தம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கும் வன்பொருளுக்கும் நடுவே டிரைவர் என்று ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார். விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான கோளாறுகளில் 85 சதவீதம் டிரைவர்களால் வந்தவை என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் எழுதினார்கள். கிராபிக்ஸ் கார்டு செய்பவர் ஒருவர், சவுண்ட் கார்டு செய்பவர் இன்னொருவர். அவரவர் எழுதும் டிரைவர் ஓ.எஸ்.ஸின் கருவறையான கெர்னல் வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே ஒருவர் தடுக்கினால் மொத்த சிஸ்டமும் விழும். 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா ஊரெல்லாம் வசை வாங்கியது; 2009-இல் வந்த விண்டோஸ் 7-ஐ எல்லோரும் மெச்சினார்கள். உள்ளே டிரைவர் ஏற்பாடு பெரும்பாலும் விஸ்டாவில் போட்டதுதான். இடைப்பட்ட காலத்தில் டிரைவர்கள் தேறிவிட்டன, வன்பொருளும் வலுத்துவிட்டது. பாடுபட்டது விஸ்டா, பேர் வாங்கியது 7.

எக்ஸ்பியின் கதை வேறு. அது 2001-இல் பிறந்தது. பின்னால் ஏ.ஹெச்.சி.ஐ. முறையில் ஓடும் சாட்டா ஹார்ட் டிஸ்க்குகள் வந்தபோது, பழைய எக்ஸ்பி சிடிக்கு அவற்றை அடையாளமே தெரியவில்லை. இன்ஸ்டால் செய்யப் போனால் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வரும். டிரைவரை பிளாப்பியில் வைத்துக்கொண்டு, திரையின் அடியில் சில நொடிகளே தெரியும் வரியைப் பார்த்து எஃப்6-ஐ அழுத்த வேண்டுமாம். பிளாப்பி டிரைவே இல்லாத லேப்டாப்பில்! சர்வீஸ் கடைப் பையன்கள் இந்தச் சடங்கையெல்லாம் மதிக்கவில்லை. பயாஸுக்குள் போய் ஏ.ஹெச்.சி.ஐ.யைப் பழைய ஐ.டி.இ. முறைக்கு மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

தான் பிறந்தபோது இல்லாத மெஷினிடம் எப்படி நடந்துகொள்கிறது, தன்னோடு கிழடான மெஷினை எத்தனை நாள் வைத்துக் காப்பாற்றுகிறது: ஓ.எஸ்.ஸின் தரத்தை நான் இந்த இரண்டையும் வைத்தே எடை போடுவேன். இரண்டாவதில் லினக்ஸுக்கு நிகரில்லை. பெரும்பாலான டிரைவர்கள் அதன் கெர்னலோடு சேர்ந்தே வளர்கின்றன. உள்ளே எதையாவது மாற்றுகிறவர், அதனால் உடையும் டிரைவர்களையும் சரிசெய்து கொடுத்தாக வேண்டும். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதத் தொடங்கியது 386 சிப் உள்ள மெஷினில். அந்தச் சிப்புக்கு விடை கொடுத்தது 2013-இல் வந்த 3.8 பதிப்பில்தான். முதலாவதில் லினக்ஸும் சறுக்கும். புத்தம்புது லேப்டாப்பில் வைஃபை எடுக்காமல் படுத்துவதுண்டு.

விண்டோஸ் 11 பிடித்த வழி எனக்கு ஒப்பவில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்று 2021-இல் வாசலிலேயே ஆளை நிறுத்திவிட்டது. பாதுகாப்புக்காக என்கிறார்கள், அதில் நியாயமில்லாமலும் இல்லை. ஆனால் 2017-இல் காசு கொடுத்து வாங்கிய நல்ல மெஷின்களும் வெளியே நிற்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

அப்படி ஒரு மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றும் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுத்தால் இன்னும் சில வருஷம் ஓடும். எடுக்கவில்லையென்றால் காயலான் கடை எங்கும் ஓடிப்போகாது.