அடுத்த இறக்கையில் பெட்ரோல் இருந்தது

சிறிய விமானம் ஓட்டக் கற்றுத்தரும் எங்களுக்கு விபத்து அறிக்கைகள் படிப்பதும் வேலையில் சேர்த்தி. எனக்கு எரிச்சல் மூட்டுபவை, பெட்ரோல் இல்லாமல் வயலில் இறங்கியவர்களின் அறிக்கைகள். அதிலும் ஒரு டாங்க் வறண்டிருக்க, அடுத்த இறக்கையின் டாங்க் தளும்பிக்கொண்டிருந்தால் எரிச்சல் இரட்டிப்பு. 2011 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கு மேற்பட்ட எரிபொருள் விபத்துகள் நடந்ததாக அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொல்கிறது. அவற்றில் மாணவர்கள் ஓட்டியவை வெறும் 2 சதவீதம். கிட்டத்தட்ட பாதி, தொழில்முறை உரிமம் வைத்திருந்தவர்கள் ஓட்டியவை. எனக்கு வியப்பில்லை. மாணவர் பயந்துகொண்டு இறக்கைமேல் ஏறி, டாங்குக்குள் குச்சி விட்டு அளப்பார். பழம் தின்று கொட்டை போட்டவர் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

முள்ளை ஆட்டிவைப்பது டாங்கில் கிடக்கும் மிதவை. விமானம் சாய்ந்தால் அதுவும் சாயும். கைக்கடிகாரம் அதைவிட யோக்கியம். எழும்பிய நேரம், டாங்க் மாற்றும் நேரம், தரையில் இருந்தாகவேண்டிய நேரம், மூன்றையும் எழுதி வைக்கச் சொல்வேன்.

செஸ்னா 172-இல் இறக்கை தலைக்கு மேலே. பெட்ரோல் தானாக இறங்கும். இரண்டு டாங்கையும் சேர்த்துத் திறந்தே வைக்கலாம். பைப்பர் செரோக்கியில் இறக்கை கீழே. பம்புதான் உறிஞ்ச வேண்டும். இரண்டையும் திறந்தால் காலியான பக்கத்திலிருந்து காற்று ஏறிவிடும். ஆகவே இடது, வலது என்று மாற்றிக்கொண்டே இருப்பது விமானியின் பாடு. செஸ்னாவிலேயே பழகிய கை இதை மறந்துவிடும்.

பாடகர் ஜான் டென்வர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். 1997 அக்டோபர் 12 அன்று, புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தோடு கலிஃபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில் விழுந்தார். டாங்க் மாற்றும் திருகு, மூல வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டியது. அந்த விமானத்தைக் கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். திருகோ இறுக்கம். அளவு காட்டும் குழாய்களும் முதுகுக்குப் பின்னால்தான். பார்ப்பதற்கு மெக்கானிக் ஒரு கண்ணாடி கொடுத்தார். நிரப்பட்டுமா என்று கேட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார். திரும்பித் திருகை எட்டிய வேளையில் அவர் கால் வலது ரடர் மிதியை அழுத்தி, விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கலாம் என்பது விசாரணையின் ஊகம். இடத்தை மாற்றியவரைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்த 'வேண்டாம்' தான் உறுத்துகிறது.

இன்ஜின் இருமினால் முதலில் மூக்கைத் தாழ்த்து. 172-இன் புது மாடலில் 68 நாட் வேகம் பிடித்தால், ஆயிரம் அடி உயரத்துக்கு ஒன்றரை கடல் மைல் மிதக்கலாம். அடுத்தது டாங்கை மாற்று, பம்பைப் போடு. காய்ந்த குழாயில் பெட்ரோல் ஏறி இன்ஜின் பிடிக்கச் சில வினாடிகள் ஆகும். அந்த வினாடிகளை உயரம்தான் தரும். அதனால் தரையிறங்கும் தறுவாயில் டாங்க் மாற்ற நான் யாரையும் விடுவதில்லை. பிடிக்காவிட்டால் வயலைத் தேடு. கம்பி கண்ணுக்குத் தெரியாது, கம்பத்தைப் பார். உழவுச் சால் ஓடும் திசையில் இறங்கு. டாங்க் வறண்டு இறங்குபவருக்குத் தீப்பிடிக்கும் பயம் குறைவு என்பார்கள். அடுத்த இறக்கை நிறைந்திருந்தால் அந்த ஆறுதலும் இல்லை. எனவே தரை தொடுமுன் பெட்ரோல் வால்வையும் மின்சாரத்தையும் அணைத்து, கதவைச் சற்றே திறந்துவைக்க வேண்டும். சட்டம் நெளிந்தால் பிறகு திறக்க வராது.