உள்ளங்கை விமானம்

புதுச்சேரிக்கு மேற்கே மண்ணாடிப்பட்டுக் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் சுத்துக்கேணி. சங்கராபரணி ஆற்றுநீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால் இவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றது. இங்குள்ள பழங்கால ஈமக்குழிகளைப் பிரெஞ்சு அறிஞர் அகழ்ந்தபோது மட்கலங்களோடு பொன்னணிகளும் வெளிப்பட்டன. நுண்ணிய கைவேலையைப் போற்றிய மக்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே இம்மண்ணில் வாழ்ந்தனர் போலும்.

அவ்வூர்ச் சிறுவன் ஒருவனுக்குப் பிரான்சு நாட்டில் வாழும் அவனுடைய சிற்றப்பர் ஒரு பெட்டியை அனுப்பியிருந்தார். பெட்டியைத் திறந்தபோது அவன் முகம் சிறிது வாடியது. விளையாட்டு விமானம் ஒன்று முழு உருவாய் இருக்கும் என்று எண்ணியிருந்தான். உள்ளே இருந்தவையோ சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். கொடியில் காய்கள் தொங்குவதுபோல அச்சட்டங்களில் இறக்கைகளும் சக்கரங்களும் இருக்கையும் தனித்தனியே ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அறுத்தெடுத்து, இழைத்து, பொருத்தி, வண்ணந்தீட்டினால் அன்றி அது விமானமாகாது. அவ்வாறு ஆக்கப்பட வேண்டிய விமானம், இந்திய வான்படையில் பணிபுரிந்த ‘நாட்’ என்னும் ஜெட் போர்விமானம்.

நாட் என்னும் ஆங்கிலச் சொல் கொசுகு போன்ற சிறுபூச்சியைக் குறிக்கும். பெயருக்கு ஏற்ப அது மிகச் சிறியது. உண்மை விமானத்தின் நீளம் 8.74 மீட்டர், இறக்கையகலம் 6.73 மீட்டர். இங்கிலாந்தில் பெட்டர் என்பவர் வகுத்த இவ்விமானம் 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. அந்நாட்டு வான்படை இருவர் அமரும் பயிற்சி விமானத்தை மட்டுமே ஏற்றது. ஒருவர் அமரும் போர்விமானத்தை ஏற்கவில்லை. இந்தியா 1956-இல் உரிமம் பெற்று, பின்னர்ப் பெங்களூரிலேயே அதனைக் கட்டியது. பிறந்த வீட்டில் மதிப்புப் பெறாதது புகுந்த வீட்டில் புகழ்பெற்றது எனலாம்.

பெட்டியின்மேல் 1/72 என்று எழுதியிருந்தது. உண்மையில் எழுபத்திரண்டு அங்குலம் உள்ளது மாதிரியில் ஓர் அங்குலமாகும். ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குல உயரத்தில் நிற்பான். இவ்வளவில் மாதிரி செய்வது வெறும் பொழுதுபோக்காய் மட்டும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில், 1942-ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணவரிடம் 5,00,000 விமான மாதிரிகளை மரத்தில் செய்து தருமாறு வேண்டியது. வானில் வருவது நம் விமானமா, பகைவர் விமானமா என்று படைவீரர் கண்டறியப் பழகுவதற்கு அவை வேண்டப்பட்டன. இறக்கையின் சாய்வை ஒரு மாணவன் தவறாகச் செதுக்கினால் எங்கோ ஒரு வீரன் தன் தோழனையே சுடக்கூடும் அன்றோ!

சுத்துக்கேணிச் சிறுவன் நாள்தோறும் மாலையில் திண்ணையில் அமர்ந்து வேலை செய்தான். இதற்குரிய பசை, காகிதத்தை ஒட்டும் பசை போன்றதன்று. அது பிளாஸ்டிக்கின் விளிம்பைச் சிறிதே கரைக்கும். கரைந்த இரு விளிம்புகளும் கலந்து இறுகி ஒன்றாகிவிடும். ஆதலால் ஒருமுறை சேர்த்ததைப் பிரிப்பது அரிது. உடலின் இடப்பாதியையும் வலப்பாதியையும் சேர்த்து நூலால் கட்டி உலரவைத்தான். பிறகு இறக்கைகளைப் பொருத்தினான். மூன்று சக்கரக்கால்களையும் நிறுத்தினான். நாட் விமானத்தின் சக்கர மூடிகளில் ஒரு புதுமை உண்டு. பறக்கும்போது சக்கரங்களை ஓரளவு இறக்கினால் அம்மூடிகளே காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். அதனால் அவற்றின் கோணம் பிழையாது பொருத்த இரண்டு மாலைகள் சென்றன.

மறுநாள் விமானத்தைத் தரையில் வைத்தான். அது மூக்கை வானோக்கித் தூக்கி, வாலை ஊன்றி உட்கார்ந்துகொண்டது. முன்னே தள்ளி வைத்தாலும் மீண்டும் அவ்வாறே சாய்ந்தது.

குறிப்புத்தாளை மறுபடியும் பார்த்தான். அதன் மூலையில் ஒரு சிறு எடைக்கல்லின் படம் இருந்தது. உடலை மூடுவதற்கு முன் மூக்கினுள் எடை வைக்கவேண்டும் என்பது அதன் பொருள். மெய்விமானத்தின் முன்புறத்தில் வானோடியும் கருவிகளும் துப்பாக்கிகளும் எடையாய் அமைந்து சமன் செய்யும். மாதிரியின் மூக்கிலோ வெறுங்காற்றே இருந்தது. பள்ளியில் பொருட்காட்சிக்கு ஐந்து நாட்களே இருந்தன. வாலின் கீழ் ஒரு குச்சியை ஒட்டிவிடலாம் என்று அவன் தோழன் கூறினான்.

அவ்வேளை அவனுடைய தாய்மாமன் வந்தார். அவர் திருக்கனூரில் காகிதக்கூழ்ப் பொம்மை செய்பவர். புவிசார் குறியீடு பெற்ற கைவினை அது. அச்சில் காகிதத்தைப் படலம் படலமாக ஒட்டி உலர்த்தி, இரு பாதிகளையும் சேர்த்து, சேர்ந்த இடம் தெரியாதபடி பூசி இழைத்து வண்ணமிடுவர். விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார் மாமன்.

“குச்சி வைக்கலாம், மாப்பிள்ளை. பார்க்க வருகிறவர்கள் குச்சியைத்தான் பார்ப்பார்கள்” என்றார். “தஞ்சாவூர்ப் பொம்மையை எத்தனை முறை சாய்த்தாலும் எழுந்து நிற்கிறதே, எதனால்?”

“அடியில் கனம் இருக்கிறது, மாமா.”

“இதற்கு மூக்கில் வை.”

“பிரித்தால் உடைந்துவிடுமே!”

“உடையும். உடைந்ததைப் பூசி இழைக்க நான் கற்றுத்தருகிறேன்.”

இரவெல்லாம் அவனுக்கு உறக்கம் வரவில்லை. விடிந்ததும் மெல்லிய அலகால் மூக்கின் பொருத்துவாயை மயிரிழை மயிரிழையாக அறுத்தான். ஓரிடத்தில் பிளாஸ்டிக் பிளந்தது, கண்ணீர் வந்துவிட்டது. ஆயினும் நிறுத்தவில்லை. ஏரியில் வலைவீசுபவர் ஒருவரிடம் மூன்று ஈயக்குண்டுகளைப் பெற்று உள்ளே வைத்து மூடினான். பிளவில் நிரப்புபசை பூசி, நீர்தொட்டு உப்புத்தாளால் தேய்த்தான். “கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவு, விரல் தடுக்காத வரைக்கும் தேய்” என்றார் மாமன். கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளத்தை வண்ணம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அத்தொழிலர் யாவரும் அறிந்தது.

பின்னர் வண்ணம் பூசினான். காவி வெளியிலும் வெண்மை இடையிலும் பச்சை நடுவிலுமாய் அமைந்த வான்படைச் சின்னத்தை நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, இறக்கையில் படியவைத்தான். கண்ணாடிபோன்ற மூடியை வெண்பசையால் ஒட்டினான். வேறு பசையின் ஆவி பட்டால் அது மங்கிவிடும்.

பொருட்காட்சி டிசம்பர் 14-ஆம் நாள். 1971-ஆம் ஆண்டு அதே நாளில் சீநகர் விமானத்தளத்தைப் பாக்கிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்கின. ஓடுபாதையில் குண்டுகள் வீழ்ந்துகொண்டிருந்தபோதே, பதினெட்டாம் படைப்பிரிவைச் சேர்ந்த நிர்மல் ஜித் சிங் செக்கோன் தம் நாட் விமானத்தில் மேலெழுந்தார். பலரைத் தனியே எதிர்த்துப் பொருது உயிர்நீத்தார். இந்திய வான்படையினருள் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே. நாட் விமானங்கள் 1979-இல் வான்படைப் பணியிலிருந்து விலகின. அப்பதினெட்டாம் படைப்பிரிவோ 2020-இல் நம் தமிழகத்துச் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் எழுந்தது.

மேசைமேல் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள நாட் மூன்று சக்கரங்களிலும் ஊன்றி நின்றது. வந்தவர்க்கெல்லாம் செக்கோனின் செய்தியைச் சிறுவன் எடுத்துரைத்தான். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் அங்கேயே நின்றாள்.

“அண்ணா, தொட்டுப் பார்க்கலாமா?”

அவன் சற்றுத் தயங்கி, விமானத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“மூக்கு மட்டும் கனமாக இருக்கிறதே” என்றாள்.

“உள்ளே ஈயம் இருக்கிறது” என்றான் அவன்.