ஹவுளில் வாழ்ந்ததும் தொட்டியில் மாண்டதும்

சென்ற ஈகைத் திருநாளன்று நம் மகள் வயிற்றுப் பேரன் பெருநாள் காசைக் கொண்டு வாங்கி வந்தது தின்பண்டமன்று. காற்றடைத்த பாலித்தீன் பையில் நான்கு தங்கமீன்கள். கூடவே ஒரு சிறு கண்ணாடித் தொட்டி, வண்ணக் கற்கள், ஒரு தீனி டப்பா. பெயரிலேயே அல்லியைத் தாங்கி நிற்கும் அல்லிநகரத்தில், மீறுசமுத்திரம் கண்மாயில் மீன் துள்ளுவதைக் கண்டு வளர்ந்தவர் நாம். காசு கொடுத்து மீன் வாங்கி, அதை உண்ணாமல், அதற்கு உணவும் வாங்கிப் போடுவது முதலில் வேடிக்கையாகவே இருந்தது. இரண்டே நாளில் அந்த வேடிக்கையில் நாமும் மயங்கிவிட்டோம் என்பதை மறைப்பானேன்?

சுப்ஹு தொழுது திரும்பியதும் நாம் ஒரு சிட்டிகை தூவுவோம். அடுப்பை மூட்டுமுன் மகள் ஒரு சிட்டிகை. பள்ளிக்கூடம் போகுமுன்னும் வந்த பின்னும் பேரன். இரவு கடையடைத்து வரும் மருமகன் தம் பங்குக்கு. யார் அருகே போனாலும் நான்கு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பாவம் நன்னா, பசிக்குது போல" என்பான் பேரன். பாவம் என்று சொல்லிவிட்ட பிறகு எவர் கைதான் சும்மா இருக்கும்?

ஐந்தாம் நாள் தொட்டி நீர் அரிசி கழுவிய நீர்போல் வெளிறியது. காலையில் இரண்டு மீன்கள் மிதந்தன. நீர் கெட்டதே காரணம் என்று சரியாகவே கண்டுகொண்ட நாம், அதற்குச் செய்த மருத்துவத்தில் தவறினோம். தொட்டியைக் கவிழ்த்து, கற்களையும் வடிகட்டியின் பஞ்சையும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை விளிம்புவரை நிரப்பினோம். நீர் பளிங்குபோல் மின்னியது. மறுநாள் இஷாவுக்குள் மூன்றாவது மீனும் மடிந்தது. பேரன் அழவில்லை. "நாமதானே கொன்னோம்?" என்று மட்டும் கேட்டான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஒரு பூனையைக் கட்டி வைத்து, தானும் உணவளிக்காமல், அது இரை தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த ஹதீஸ், புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றது. எத்தனையோ பயான்களில் அதனைக் கேட்டிருக்கிறோம். பட்டினி போட்ட குற்றம் நம்மைச் சேராது. ஆயினும் அடைத்து வைத்தவர் நாம்தாமே? கண்மாயில் ஓரிடத்து நீர் கெட்டால் மீன் வேறிடம் நீந்திப் போகும். தொட்டியில் அடைபட்டது எங்கே போகும்?

நம் சிறுவயதுப் பள்ளிவாசல் ஹவுள் நினைவுக்கு வந்தது. உளூச் செய்யக் குனிந்தால் கெண்டைகள் விரலைக் கவ்வ வரும். அவற்றுக்கு எவரும் தீனி போட்டதாக நினைவில்லை; ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. பாசியும் கொசுப்புழுவுமே அவற்றின் உணவு. நீரோ, கடல் போன்றது. பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்புள்ள நீரில் சிறிது அசுத்தம் விழுந்தால் அது அந்நீரை எளிதில் கெடுத்துவிடாது என்று நம் ஹனஃபி மத்ஹபின் பிற்கால இமாம்கள் அளவு வகுத்தார்கள். தொழுகைக்காக வகுத்த அளவுதான். ஆனால் மீன் வளர்ப்பின் முதற்பாடமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. நீர் எத்துணை மிகுதியோ, அத்துணை மெதுவாகக் கெடும். ஒரு தங்கமீனுக்கே நாற்பது ஐம்பது லிட்டர் நீர் வேண்டும். நாமோ பதினைந்து லிட்டரில் நான்கை விட்டிருந்தோம்.

நிறம், சுவை, மணம் மூன்றும் மாறாத நீரே உளூவுக்கு உகந்தது என்று மதரஸாவில் படித்தவர் நாம். அந்த அளவுகோல் மீனுக்குப் போதாது என்பதை இந்த முதிய வயதில் ஒரு தங்கமீன் கற்பித்தது. மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. தின்னாது விட்ட தீனி அழுகினாலும் அதுவே பிறக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் சேர்ந்தாலே மீனுக்குத் துன்பம். நம் கண்ணுக்கும் நாவுக்கும் மூக்குக்கும் அது எட்டாது. கல்லிலும் பஞ்சிலும் குடியேறும் நுண்ணுயிர்களே அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வுயிர்களை 1890-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ருசிய அறிஞர். புதுத்தொட்டியில் அவை பெருகி நிலைக்க ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். ஐந்து நாளில் அரும்பத் தொடங்கியவற்றையும் சோப்புத்தூள் போட்டு நாம் அழித்தோம். குழாய் நீரின் குளோரின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

லண்டன் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன் 1850-இல் ஒரு தொட்டியில் தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒன்றாக வளர்த்து, செடி மீனுக்குப் பிராணவாயு தர, அழுகும் இலையை நத்தை தின்ன, நீர் கெடாதிருப்பதை எழுதி வைத்தார். நம் ஹவுளில் அதை எவரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

எஞ்சிய ஒன்றைக் காக்க வேண்டுமே. பெரிய தொட்டி வந்தது. குழாய் நீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்றுகிறோம். அதற்குள் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். உப்புக் கரிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்க்கிறோம். காரத்தன்மை மிகுந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் ஏறும். வெள்ளிதோறும் ஜும்ஆவுக்கு முன் கால் பங்கு நீரை மட்டும் இறைக்கிறோம். அது மருதாணிச் செடிக்குப் போகிறது. செடியின் செழிப்பைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். பஞ்சை அந்தப் பழைய நீரிலேயே அலசிப் பிழிகிறோம். பெண்மக்களுக்கு அதன் வழுவழுப்பு இன்னும் அருவருப்புதான்.

தீனிதான் கடினம். தங்கமீன் கெண்டை இனத்தது; அதற்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. ஆகவே எத்தனை போட்டாலும் மறுகணமே வாயைத் திறக்கும். அந்த வாயைப் பார்த்து இரங்காதிருக்க நாம் பழக வேண்டியிருந்தது. இப்போது காலையிலும் மாலையிலும் இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்குமளவு மட்டுமே. டப்பா பேரனின் பொறுப்பு. வேறு எவரும் தொடக்கூடாது என்பது அவன் இட்ட சட்டம். நாமும் அதற்கு உட்பட்டவரே.

சென்ற மாதம் கம்பத்தில் ஒரு நிக்காஹ். மூன்று நாள் வீடு பூட்டியிருக்கும். அண்டை வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துச் செல்லலாம் என்றோம். பேரன் மறுத்தான்: "அவங்க பாவம்னு சொல்லி அள்ளிப் போட்ருவாங்க நன்னா. அது நோன்பு இருக்கட்டும்." வளர்ந்த மீன் சில நாள் உணவின்றித் தாங்கும் என்று முன்பே விசாரித்து வைத்திருக்கிறான்! திரும்பி வந்து கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் ஓடினான். மீன் மேலே வந்து வாயைத் திறந்தது. நீர் என்றுமில்லாத தெளிவோடு இருந்தது.